நீலோற்பலமும் குளமும்

மாரி மழை ஓய்ந்து தை மாதத்து இளவெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில், வன்னிப் பகுதியின் சிறு குளமொன்றின் கட்டின்மீது நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணக்கூடும். கட்டுக்கு எதிர்ப்புறத்தே, நீர் மெல்ல மெல்ல ஆழங் குறைந்து நிலத்தோடு கலக்கும் அலைகரைப் பக்கத்தில், மென்னீல நிறப் பூக்கள் நீர்மட்டத்துக்கு மேலே தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். விடியும்போது அரும்பாகத் தோன்றியவை வெயில் ஏற ஏற விரியும். பிற்பகல் சாயும்போது மீண்டும் குவிந்துவிடும். இப்பூவே நீலோற்பலம். 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலங்கையின் தேசிய மலராகத் தெரிந்தெடுக்கப்பட்டதும் இதுவே. ஆயினும், தேசிய மலர் இதுவென்று மக்கட்குக் காட்டப்படும் பூ பல இடங்களில் இப்பூவன்று. கடல் கடந்து வந்த வேறோர் அல்லியாகும். சொந்த வீட்டிலேயே தன் பெயரை இன்னொன்றுக்கு இழந்து நிற்கும் இச்செடியின் இயல்பு யாது, அது வாழும் இடம் எத்தகையது, இக்குழப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பன அறியத்தக்கவை.

முதலில் ஒரு பழைய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். நீரிற் பூக்கும் பெரிய பூ எதனையும் தாமரை என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் அருகருகே வளர்வன. எனினும் உறவின்முறையில் அவை வெகு தொலைவிலுள்ளவை. தாமரையின் முதிர்ந்த இலை நீர்மட்டத்துக்கு மேலே குடைபோல உயர்ந்து நிற்கும். அதன் வட்டம் எங்கும் பிளவுபடாதது. காம்பு இலையின் நடுவிற் பொருந்தியிருக்கும். அல்லியின் இலையோ நீரின்மேற் படிந்து மிதக்கும். அதன் ஒரு பக்கத்தில் விளிம்பிலிருந்து காம்பு பொருந்தும் இடம் வரை ஆழமான பிளவு காணப்படும். தாமரையின் விதைகள் தட்டையான பொகுட்டிலே குழிகளில் தனித்தனியே அமர்ந்திருக்க, அல்லியின் விதைகள் சதைப்பற்றுள்ள ஒரு காயினுள்ளே நெருக்கமாக நிறைந்திருக்கும். தோற்றத்தில் ஒத்திருக்கும் இவ்விரண்டும் உண்மையில் இனத்தவை அல்ல என்பதை மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியுள்ளது. நீர் வாழ்க்கை இரண்டுக்கும் ஒரே வகை உடையை அணிவித்துவிட்டது, அவ்வளவே.

அல்லிகளுக்குள்ளேயும் பிரிவு உண்டு. வெள்ளையும் செம்மையுமாகப் பூக்கும் ஆம்பல் மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலிற் குவிவது. நிலவைக் கண்டு மலரும் பூவென்று புலவர் போற்றுவது இவ்வகையினையே. அதன் இலை விளிம்பு வாள்போலப் பல்லுடையது. இலையின் அடிப்புறம் மயிர் செறிந்தது. சிங்களத்தில் இது ஓலு எனப்படும். நீலோற்பலமோ பகலவனோடு விரிந்து பகலவனோடு குவிவது. சிங்களத்தில் இது மானெல் எனப்படும். இலை விளிம்பு பெரும்பாலும் நேரானது, சில வேளைகளிற் சற்றே அலைவுபட்டது, அடிப்புறம் மயிரற்றது. இரவுப் பூ, பகற் பூ என்னும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டாலே பாதி ஐயம் நீங்கிவிடும்.

தமிழர் இப்பூக்களை எவ்வளவு நுணுகி நோக்கினர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயர்களே சான்று. ஆம்பல், குவளை, நெய்தல் என்று தனித்தனியே பெயரிட்டனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே வரும் பூக்களின் நீண்ட வரிசையில் இம்மூன்றும் வெவ்வேறாகவே எண்ணப்பட்டுள்ளன. கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் என்று பெயர் பெற்றதும் ஒரு நீர்ப்பூவினாலேயே. அப்பூ நீலநிற அல்லியே என்பது தாவரவியலார் பலரின் கருத்து. அளவிறந்த பேரெண்களைக் குறிக்கவும் ஆம்பல், குவளை, நெய்தல் என்னும் இச்சொற்களையே பழந்தமிழர் வழங்கினர் என்பதைப் பரிபாடலிற் காணலாம். குளமெல்லாம் பரந்து கிடக்கும் பூக்களை எண்ணித் தீராத கண்களே எண்ணுக்கும் பூவின் பெயரை இட்டிருத்தல் கூடும்.

மேனாட்டுத் தாவர நூல்களில் இச்செடி புகுந்த வரலாறும் சுவையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளாக ஒல்லாந்தர் வெளியிட்ட மலபார்த் தோட்டம் என்னும் பெருநூலிலே இது சிற்றாம்பல் என்னும் நாட்டுப் பெயரோடு படமாக வரையப்பட்டது. பின்னர் 1768ஆம் ஆண்டில் பர்மன் என்னும் ஒல்லாந்தத் தாவரவியலார், சோழமண்டலக் கரையிலிருந்து கிடைத்த செடியைக்கொண்டு, நிம்பேயா நூச்சாலி என்று இதற்குப் பெயரிட்டார். 1799ஆம் ஆண்டில் வில்டெனோ என்பவர் இதனையே நிம்பேயா ஸ்டெல்லாற்றா, அதாவது விண்மீன் போன்ற அல்லி, என்று அழைத்தார். பழைய நூல்களில் இப்பிற்பெயரே மிகுதியும் காணப்பட்டாலும், முதலில் இட்ட பெயரே செல்லும் என்னும் தாவரவியல் விதிப்படி பர்மனின் பெயரே இன்று வழங்குகிறது. இந்தியா, இலங்கை முதலாகத் தென்கிழக்காசியாவினூடாக அவுஸ்திரேலியாவின் வடபகுதி வரை இவ்வல்லி இயற்கையாக வளர்கிறது.

இனிச் செடியின் அமைப்பை நோக்குவோமாயின், கண்ணுக்குத் தெரியும் பூவும் இலையும் அதன் ஒரு பாதியே. மறு பாதி சேற்றினுள்ளே மறைந்து கிடக்கிறது. அங்கே குறுகித் தடித்த கிழங்கொன்று நிமிர்ந்து நிற்கும். அதன் அடியிலிருந்து வேர்கள் சேற்றைப் பற்றிக்கொள்ள, நுனியிலிருந்து இலைகளும் பூக்களும் ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்போடு மேல்நோக்கிப் புறப்படும். நீரினுள்ளே கிளைவிட்டுப் பரந்த தண்டு இதற்கு இல்லை. ஆகவே நீர்மட்டத்திற் பரந்து கிடக்கும் இலைகள் அனைத்தும் கயிறு கட்டிய ஓடங்கள் போல ஒரே கிழங்கிற் பிணைக்கப்பட்டவையாம். விதையிலிருந்து முளைக்கும் இளஞ்செடியின் முதல் இலைகள் மெல்லியனவாய் நீருக்குள்ளேயே நிற்கும். கிழங்கு சற்று வலுவடைந்த பின்னரே மிதக்கும் இலைகள் தோன்றும்.

நீர் உயர்ந்தால் என் செய்வது? இவ்வினாவுக்கு இலைக்காம்பு விடை கூறுகிறது. இளைய இலை நீர்மட்டத்தை எட்டும் வரை அதன் காம்பு நீண்டுகொண்டே செல்லும். முழங்கால் ஆழ நீரிற் காம்பு குறுகியும், ஓர் ஆள் ஆழ நீரில் அதே செடியிற் காம்பு பன்மடங்கு நீண்டும் இருப்பதைக் காணலாம். வள்ளுவர் வெள்ளத்து அளவினதாகிய மலரின் நீட்டத்தை மாந்தர் உள்ளத்தின் உயர்வுக்கு உவமையாக்கியது வெறுங் கற்பனையன்று. குளக்கரையில் நின்று கண்ட உண்மையே. ஆயினும் இந்த நீட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் திடீரென உயர்ந்து நெடுநாள் நிற்குமாயின், அல்லது கலங்கல் மிகுந்து ஒளி புகாதாயின், இளைய இலைகள் மேலெழ முன்னரே அழுகிவிடும்.

மிதக்கும் இலை தரைச்செடியின் இலைக்கு நேர்மாறான ஒழுங்கு உடையது. தரைச்செடிகளின் இலைகளில் காற்று உட்சென்று வரும் நுண்ணிய இலைவாய்கள் பெரும்பாலும் அடிப்புறத்திலே இருக்கும். அல்லி இலையின் அடிப்புறமோ எந்நேரமும் நீரிற் படிந்திருப்பது. ஆகவே அதன் இலைவாய்கள் யாவும் வானை நோக்கிய மேற்புறத்தே அமைந்துள்ளன. அவை நீரால் அடைபடாதிருக்க மேற்புறம் மெழுகு பூசினாற் போன்றிருக்கும். மழைத்துளி அதன்மேல் உருண்டோடிவிடும். அடிப்புறம் பெரும்பாலும் ஊதா நிறம் படர்ந்தது. இலையின் உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது தெப்பம்போல மிதக்கிறது.

இக்காற்றறைகளுக்கு மிதத்தலினும் பெரிய கடமை ஒன்று உண்டு. குளத்துச் சேற்றிலே ஒட்சிசன் இல்லையென்றே சொல்லலாம். மக்கும் இலைதழைகளை உண்ணும் நுண்ணுயிர்கள் அதனை முற்றாகப் பயன்படுத்திவிடுகின்றன. அத்தகைய சேற்றிற் புதைந்த கிழங்கும் வேரும் மூச்சு விடுவது எவ்வாறு? இலைக்காம்பை அறுத்துப் பார்த்தால் நீளவாக்கில் ஓடும் குழாய்கள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். 1980ஆம் ஆண்டில் யோன் டேசி என்னும் ஆராய்ச்சியாளர், குளிர் நாடுகளில் வளரும் மஞ்சள் அல்லி என்னும் உறவுச் செடியிலே இக்குழாய்களின் தொழிலைத் தெளிவுபடுத்தினார். வெயிலிற் சூடேறும் இளைய இலைகளின் உள்ளே காற்றழுத்தம் உயர்கிறது. அவ்வழுத்தம் காற்றைக் காம்பு வழியே கிழங்குக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது முதிர்ந்த இலைகளின் காம்புகளிலே ஏறி, அவற்றின் அகன்ற துளைகளால் வெளியேறுகிறது. வருங் காற்று ஒட்சிசனைக் கொணர்கிறது. போகுங் காற்று சேற்றிலே பிறந்த காபனீரொட்சைட்டை அகற்றுகிறது. அமைதியாகத் துயில்வது போலத் தோன்றும் இலைக்கூட்டத்தின் உள்ளே பகல் முழுவதும் ஒரு மென்காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்பது வியப்புக்குரியதன்றோ!

பூவின் ஒழுங்கும் அதற்குக் குறைந்ததன்று. புறத்தே பச்சை நிறப் புல்லிதழ்கள் நான்கு. அவற்றுக்குள்ளே கூர்நுனியுடைய நீல இதழ்கள் பல அடுக்காக அமைந்திருக்கும். அடிப்பக்கத்தில் வெண்மையும் நுனியை நோக்கி நீலமுமாக அவை நிறம் மாறும். இதழ்களுக்கு உள்ளே பொன்னிறக் கேசரங்கள் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு கேசரத்தின் உச்சியிலும் மகரந்தப் பைக்கு மேலே இதழின் நிறமுடைய சிறு நீட்சி ஒன்று உண்டு. இச்சிறு நுனி பகலிற் பூக்கும் நீல அல்லிகளின் அடையாளம். நடுவிலே கிண்ணம் போன்ற குழிவு காணப்படும். மகரந்தத்தை ஏற்கும் குறிகள் அக்கிண்ணத்தின் உட்புறத்திலே சக்கரத்து ஆரைகள் போல அமைந்துள்ளன.

ஒரு பூ மூன்று நான்கு நாள்கள் தொடர்ந்து விரிந்து குவியும். முதல் நாளில் அது பெண் பூவாக மட்டுமே தொழிற்படும். அன்று நடுக்கிண்ணத்தில் இனிப்புச் சாறு நிரம்பியிருக்கும். கேசரங்கள் ஒதுங்கி நிமிர்ந்து நின்று வழிவிடும். அவற்றின் மகரந்தப் பைகள் இன்னும் திறந்திரா. வேறொரு பூவிலே மகரந்தம் பூசிக்கொண்டு வரும் சிறு தேனீயோ ஈயோ இப்பூவில் இறங்கி, வழுக்கி, கிண்ணத்திலே விழும். அதன் உடலிலுள்ள மகரந்தம் சாற்றிலே கழுவப்பட்டுக் குறிகளிற் படிந்துவிடும். வந்த பூச்சி சில வேளைகளிலே தப்பிப் பறக்கும். சில வேளைகளில் அச்சாற்றிலேயே மூழ்கி இறந்தும் போகும். இரண்டாம் நாள் கிண்ணத்திற் சாறு இராது. கேசரங்கள் உள்வளைந்து குறிகளை மூடிக்கொள்ளும். மகரந்தப் பைகள் வெடிக்கும். இப்பொழுது அது ஆண் பூ. வரும் பூச்சிக்கு மகரந்தம் கிடைக்கும், ஆபத்து இல்லை. இவ்வாறு பெண்மையும் ஆண்மையும் வெவ்வேறு நாள்களில் நிகழ்வதால், ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது பெரிதும் தடுக்கப்படுகிறது.

கருவுற்ற பின்னர்ப் பூ மீண்டும் நீரைத் தேடிச் செல்லும். அதன் காம்பு வளைந்து காயை நீருக்குள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே, பறவையின் கண்ணிலும் வெயிலின் சூட்டிலும் படாமற் காய் முதிர்ந்து, பின் வெடித்து, மணல் போன்ற நுண்ணிய விதைகளை வெளிவிடும. ஒவ்வொரு விதையையும் காற்றுப் பொதிந்த மெல்லிய உறை சூழ்ந்திருக்கும். அவ்வுறையின் துணையால் விதை சிறிது காலம் மிதந்து, அலையோடு அசைந்து, வேறிடம் சேரும்; உறை அழிந்ததும் சேற்றிலே தாழ்ந்துவிடும். ஒரு குளத்தின் வான் பாயும்போது அவ்விதைகள் அடுத்த குளத்துக்கும் செல்லக்கூடும்.

இக்குடும்பத்தின் தொன்மையும் கருதத்தக்கது. பூக்கும் தாவரங்களின் குலமரத்திலே மிகத் தொடக்கத்திற் பிரிந்த கிளைகளுள் அல்லிக் குடும்பமும் ஒன்று. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளிலே இதன் உறவினவாகிய பூக்களின் சுவடுகள் கிடைத்துள்ளன. 2020ஆம் ஆண்டில், கிழக்காபிரிக்க நீல அல்லி ஒன்றின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டது. நீல நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் என்னும் நிறப்பொருளையும் மணத்தையும் ஆக்கும் வழிகளை அறிய அவ்வாய்வு உதவியது. எனவே குளத்தோரத்து நீலப்பூ வெறும் அழகுப் பொருளன்று. பூ என்பது உலகில் எவ்வாறு தோன்றியது என்னும் பெருவினாவுக்கு விடை தேடுவோர்க்கு அது ஓர் உயிருள்ள ஏடு.

நீலோற்பலத்தின் வாழ்வு குளத்தின் வாழ்வோடு ஒன்றியது. இலங்கையின் உலர் வலயத்திலே ஆண்டின் பெரும்பகுதி மழை ஐப்பசி முதல் மார்கழி வரையான சில மாதங்களிற் பெய்துவிடுகிறது. காலபோகத்துக்கு நீர் தரும் அம்மழையாற் குளங்கள் நிரம்பும்போது, சேற்றில் உறங்கிய கிழங்குகள் விழித்து இலைவிடும். மாசி, பங்குனியிலே பூக்கள் மிகும். துருசு திறந்து சிறுபோகத்துக்கு நீர் பாய்ச்சப்படுந்தோறும் குளம் வற்றிச் செல்லும். ஆடி, ஆவணி மாதங்களிலே அலைகரை வெடித்த சேறாகிவிடும். அப்பொழுது இலைகள் கருகி மறையும்; கிழங்கு மட்டும் அடிச்சேற்றின் ஈரத்திலே அடுத்த மழையை எதிர்நோக்கிக் கிடக்கும். நிறைதலும் வற்றுதலுமாகிய இச்சுழற்சி செடிக்கு இடையூறன்று. அதற்கு இயைந்த நாட்காட்டியே அது. ஈர வலயத்துச் சதுப்புகளிலும் வயலோரக் கால்வாய்களிலும் நீலோற்பலம் வளர்வதுண்டு. எங்காயினும் அதற்கு வேண்டுவன மூன்று: நிறைந்த வெயில், ஓடாத நீர், ஆழமற்ற சேற்றுக்கரை.

இச்செடியை அண்டி வாழும் உயிர்கள் பல. நீண்ட கால்விரல்களையும், இனப்பெருக்கக் காலத்தில் நீண்ட வாலையும் உடைய இலைக்கோழி, மிதக்கும் இலைகளின்மீது நடந்து இரை தேடும். மிதக்கும் தாவரங்களின் மீதே முட்டையிடும். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிச் செல்ல, ஆண் பறவையே அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். இலையின் நிழலிலே மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். இலையின் அடிப்புறத்திலே நத்தைகள் முட்டையிடும். நீர்வாழ் அந்துப்பூச்சியின் புழு இலையைத் துண்டாக வெட்டித் தன்மேற் போர்த்துக்கொண்டு மிதக்கும். மனிதரும் இவ்விருந்திற் பங்குகொண்டவரே. அல்லி இனங்களின் கிழங்கையும் விதையையும் பஞ்சகாலத்து உணவாகவும், தண்டைக் கறியாகவும் கொண்டவர் பலர். சித்த, ஆயுர்வேத வைத்தியர் நீலோற்பலப் பூவை மருந்திற் சேர்த்தனர். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியாக் குகை ஓவியங்களிலே பெண்கள் ஏந்தி நிற்கும் பூக்களுட் சில நீலோற்பலமே என்று கருதப்படுகின்றன. கோயிலிலும் விகாரையிலும் வழிபாட்டுப் பூவாக அது இன்றும் இடம்பெறுகிறது.

இத்தகைய குளத்துக்குள்ளே அழையா விருந்தினர் சிலர் புகுந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை, அதாவது ஆற்றுவாழை, சில ஆண்டுகளுக்குள் பெருங்களையாகியது. அதனை ஒழிப்பதற்கென்றே 1909ஆம் ஆண்டிற் சட்டமொன்று இயற்றவேண்டியதாயிற்று. 1939ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்காகக் கொணரப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம் குளங்களையும் வயல்களையும் கம்பளம்போல மூடியது. அதனை உண்ணும் வண்டொன்று 1986ஆம் ஆண்டில் வரவழைக்கப்பட்டு விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அதன் பெருக்கம் அடங்கியது. இக்களைகள் நீர்மட்டத்தை முற்றாக மூடும்போது அல்லியின் இளைய இலைக்கு வெளிப்பட இடமில்லை. ஒளியின்றிக் கிழங்கு மெலிந்து அழியும். இவை வெளிப்படையான பகைவர். கண்டவுடனே களையென்று யாவரும் அறிவர்.

மற்றொரு விருந்தினரோ களையென்று அறியப்படாமல், நீலோற்பலத்தின் பெயரையே தாங்கி நுழைந்தது. பூங்காத் தடாகங்களுக்கென அயல்நாடுகளிலிருந்து வந்த நீல அல்லிகளும், அவற்றைக் கலந்து வளர்ப்போர் உண்டாக்கிய கலப்பினங்களும் பெரிய பூவும் ஆழ்ந்த ஊதா நிறமும் உடையன. அவற்றுள் ஊதாப் பூவுடைய ஒருவகை தோட்டத்தைக் கடந்து இலங்கையின் இயற்கை நீர்நிலைகளிலே பரவிவிட்டது. அதனைக் கண்டவர், நீலோற்பலம் என்று கேள்விப்பட்டிருந்த பூ இதுவே எனக் கொண்டனர். பூக்கடையில் அப்பெயரால் விற்கப்பட்டதும், படங்களிலே தேசிய மலராகத் தீட்டப்பட்டதும் பெரும்பாலும் அந்த ஊதாப் பூவே. தாவரவியலாளர் தீப்தி யாக்கந்தாவல, கபில யாக்கந்தாவல ஆகியோர் 2011ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகளில், மக்கள் பெரிதும் நீலோற்பலம் என எண்ணும் ஊதாப் பூ இந்நாட்டுக்கு உரியதன்று என்பதை எடுத்துக்காட்டினர்.

இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. சற்று நின்று பார்க்கும் பொறுமையே வேண்டும். நாட்டு நீலோற்பலத்தின் நிறம் மென்மையானது. வெளிறிய நீலத்திலிருந்து ஏறக்குறைய வெண்மை வரை செல்வது. பூ அளவிற் சிறியது. இதழ்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை. அயற்பூவோ ஆழ்ந்த ஊதா நிறமும் பெருத்த உருவும் மிகுந்த இதழ்களும் உடையது. ஆண்டு முழுவதும் தடாகத்தை அணிசெய்யும் தன்மையால் வளர்ப்போர் விரும்புவது. இலையை நோக்கினால், நாட்டுச் செடியின் விளிம்பு பெரும்பாலும் ஒழுங்கானது. அயற்செடியின் விளிம்பு பல்லும் அலைவும் மிக்கது. இவ்வடையாளங்களுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், பூவையும் இலையையும் சேர்த்து நோக்குதல் நன்று.

ஒரு பூவின் இடத்தில் இன்னொரு நீலப்பூ இருந்தால் என்ன குறை என்று வினவுவோரும் உளர். குறை இரண்டு. பகலிற் பூக்கும் நீல அல்லிகள் தமக்குள்ளே எளிதிற் கலக்கக்கூடியவை. அயலினத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவருமாயின், நாட்டு நீலோற்பலத்தின் விதையிலே கலப்பு நேரும். தலைமுறைகள் செல்லச் செல்லத் தூய செடியைக் காண்பதே அரிதாகலாம். வெட்டி அழிக்கப்பட்ட செடியை மீண்டும் நடலாம். கலந்து கரைந்த இனத்தைப் பிரித்தெடுத்தல் இயலாது. மற்றது, இவ்விழப்பு ஒருவர் கண்ணிலும் படாமலே நிகழ்வது. குளத்திலே நீலப்பூக்கள் நிறைந்திருக்கும்போது நீலோற்பலம் அருகி வருகிறதென்று யார் ஐயுறுவர்? பெயர் நிலைத்திருக்கப் பொருள் மறைந்துபோவதே இவ்விழப்பின் இயல்பு.

குளத்துக்கு நேரும் தீங்கும் இதனோடு சேர்கிறது. நகரத்துக் குளங்கள் பல குப்பையாலும் மண்ணாலும் தூர்ந்துள்ளன. வயலிலிருந்து வழியும் உரம் பாசியைப் பெருக்கி நீரை ஒளிபுகாததாக்குகிறது. குளத்தைத் திருத்துவோரும் சில வேளைகளிலே ஆழமே பயனென்று கருதி, அலைகரையின் ஆழமற்ற விளிம்பையும் ஒரே சீராக வெட்டிவிடுகின்றனர். நீர் கூடுகிறது, ஆனால் அல்லிக்கு நிற்க இடமில்லாமற் போகிறது. முன்னோர் குளத்தை வெறும் நீர்த்தொட்டியாக அமைக்கவில்லை. மேற்பகுதியிலே மண்ணைத் தடுக்கும் புல்வெளியும் மரச்சோலையும், அதன் கீழே ஆழமற்ற அலைகரையும், கட்டின் அருகே ஆழமும் எனப் பகுதி பகுதியாகவே பேணினர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் செல்லும் இக்குளத்தொடர் முறையை 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. அம்மரபிலே அலைகரை பாழிடமன்று. பூவும் மீனும் பறவையும் வாழும் குடியிருப்பு.

செய்யவேண்டுவன அரியனவல்ல. வீட்டுத் தடாகத்திலே அயல் அல்லியை வளர்ப்பவர், அதன் கிழங்கையோ விதையையோ குளத்திலும் வாய்க்காலிலும் எறியாதிருத்தல் ஒன்று. குளத்தை ஆழமாக்கும்போது ஒரு பக்கத்திலாயினும் சரிவான சேற்றுக்கரையை விட்டுவைத்தல் மற்றொன்று. பூசைக்குப் பறிப்பவர் பூவை மட்டும் பறித்துக் கிழங்கை விட்டுவிடுதல் பிறிதொன்று. எல்லாவற்றுக்கும் முதலாவதாக, பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேசிய மலரைப் படத்திலே காட்டுவதோடு நில்லாது, தை மாதக் காலையொன்றிலே குளக்கரைக்கு அழைத்துச் சென்று, இலையின் விளிம்பைத் தடவிப் பார்க்கவும் இதழ்களை எண்ணவும் பழக்குதல் வேண்டும்.

ஆம்பல் வேறு, குவளை வேறு, நெய்தல் வேறு என்று பிரித்தறிந்த கண்கள் இம்மொழி பேசியோரிடம் முன்னர் இருந்தன. வெளிறிய நீலத்தையும் ஆழ்ந்த ஊதாவையும் வேறென்று காண அக்கண்களே போதும். அவ்வாறு காண்பார் உள்ளவரை, கோடையிலே வெடித்த சேற்றினடியில் உறங்கும் கிழங்கு அடுத்த மாரியில் இலைவிட்டு, தையில் ஒரு காலை வெயிலோடு மெல்ல விரிந்து, தன் பெயருக்குரிய இடத்திலே நிற்கும்.